வேல்ஸில் செவர்ன் ஆற்றோரம்: சந்தை நகரங்கள், கோட்டைகள், நான்கு நாள் தேறுமா?

#1 வடக்குவாசல்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பர்மிங்காமில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 71, பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார், ஏற்றம் என்றால்தான் முழங்கால் மக்கர் பண்ணும். லண்டன், எடின்பரோ எல்லாம் போன தடவையே முடிந்துவிட்டது. இந்தத் தடவை, "கோட்டை காட்டு, ஆனா பஸ் பஸ்ஸா ஆள் வந்து இறங்குற கோட்டை வேண்டாம். சின்ன ஊரா இருக்கணும், சந்தை இருந்தா இன்னும் நல்லது" என்கிறார்.

மேப்பில் பார்த்தால் செவர்ன் ஆற்றை ஒட்டி லானிட்லோஸ், நியூடவுன், மான்ட்கோமரி, வெல்ஷ்பூல் என்று வரிசையாகச் சின்ன ஊர்கள் தெரிகின்றன. இடையிடையே கோட்டைக் குறிகளும் இருக்கின்றன. செப்டம்பர் முதல் வாரம் நான்கு நாள் கிடைக்கும். அதற்குத் தேறுமா? கார் எடுக்கலாமா, ரயிலா? மனைவி சுத்த சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மழைக்கோட்டு

வேல்ஸில் கோட்டை என்றால் கான்வி, கேர்னார்வன், ஹார்லெக். நீங்கள் சொல்லும் பக்கம் இருப்பதெல்லாம் முட்டளவு சுவர். நாலு கல், ஒரு ஆடு, ஒரு அறிவிப்புப் பலகை. நான் ஒரு தடவை மான்ட்கோமரி போய் இருபது நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். அப்பா அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், முழுசாக நிற்கிற கோட்டையாகக் காட்டுங்கள்.

#3 கல்தச்சன்

மழைக்கோட்டு சொல்வது பாதி சரி. சுவர் முட்டளவுதான். ஆனால் கான்வியும் கேர்னார்வனும் ஜெயித்தவன் கட்டிய கோட்டைகள். இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் பணத்தைக் கொட்டிக் கட்டினான், அதனால் நிற்கின்றன. செவர்ன் பக்கம் இருப்பது அந்த ஜெயிப்புக்கு முந்தைய சண்டை. அதுவும் எதற்கான சண்டை? சந்தைக்காக! இதை அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போனால் முட்டளவு சுவரும் பேசும்.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஷ்ராப்ஷையரில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். அடிக்கடி போகிற இடம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1267இல் மான்ட்கோமரி அருகே ஆற்றுத் துறை ஒன்றில் ஒப்பந்தம் ஆனது. லூவெலின் அப் கிரிஃபித்தை 'வேல்ஸின் இளவரசன்' என்று இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஹென்றி ஏற்றுக்கொண்டான். சும்மா இல்லை, லூவெலின் 25,000 மார்க் கட்ட வேண்டும், தவணை முறையில். ஆறு வருஷம் கழித்து, 1273இல், லூவெலின் ஒரு வேலை செய்தான். அரசனின் எல்லைக் கோட்டையான மான்ட்கோமரியிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டரில், செவர்னைப் பார்த்த ஒரு குன்றின் முதுகில் டோல்வோர்வின் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். பக்கத்திலேயே ஒரு சிற்றூர், ஒரு சந்தை.

கோட்டையை விடச் சந்தைதான் உறுத்தியது என்பது என் கட்சி. மான்ட்கோமரிக்கு 1227லேயே நகரப் பட்டயம் உண்டு. வெல்ஷ்பூலுக்கு 1263இல், அந்த ஊர்ப் பிரபு கிரிஃபித் அப் க்வென்வின்வின் கொடுத்தான். சந்தை என்றால் சுங்கம், கடை வாடகை, அபராதம், எல்லாம் பிரபுவின் பைக்கு. பள்ளத்தாக்கின் நடுவில் மூன்றாவதாக ஒரு சந்தை வந்தால் இரண்டு பேருக்கும் வயிற்றில் அடி.

உடனே வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து அரசன் பெயரில் தடை உத்தரவு வந்தது, கோட்டையும் கூடாது, ஊரும் சந்தையும் கூடாது என்று. அப்போது புது அரசன் எட்வர்ட் சிலுவைப்போருக்குப் போய் இன்னும் நாட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. லூவெலின் எழுதிய பதில் இன்றைக்கும் இருக்கிறது. சாரம் இதுதான்: இந்தக் கடிதம் உங்களுக்குத் தெரியாமல் வந்தது என்று எனக்கு நிச்சயம், நீங்கள் நாட்டில் இருந்திருந்தால் இப்படி ஒன்று வெளியே வந்திருக்காது, என் மண்ணில் கோட்டை கட்டவும் சந்தை வைக்கவும் நான் யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும். எவ்வளவு மரியாதையாக 'போய்யா' என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள்.

அடுத்த வருஷமே, 1274 பிப்ரவரியில், வெல்ஷ்பூல் கிரிஃபித்தும் லூவெலினின் சொந்தத் தம்பி டாவித்தும் சேர்ந்து லூவெலினைக் கொல்லத் திட்டம் போட்டார்கள். அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். ஆட்கள் வந்து சேர முடியாமல் திட்டம் கெட்டது, பிற்பாடு குட்டும் வெளிப்பட்டது. கிரிஃபித் இங்கிலாந்துக்கு ஓடினான். வெல்ஷ்பூலில் இருந்த அவன் கோட்டையை லூவெலின் இடித்தான். இன்று போவிஸ் கோட்டை இருக்கிற இடம் அதுதான்.

1277 வசந்தத்தில் இங்கிலாந்து அரசனின் எல்லைப் பிரபு ரோஜர் மார்டிமர் தலைமையில் படை வந்து டோல்வோர்வினை வளைத்தது. சில நாளிலேயே கோட்டை விழுந்தது. கல் எறியும் பொறிகள் ஒரு பக்கம், தண்ணீர் இல்லாமை இன்னொரு பக்கம். உள்ளே கிணறு கிடையாது. பிடித்த பிறகு மார்டிமர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று கிணறு வெட்டியது. இனி முக்கியமானது: லூவெலினின் சந்தையை அவன் குன்றடியில் விட்டுவைக்கவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி ஆற்று வளைவில் புது ஊர் போட்டு, 1279இல் அரசனிடம் சந்தைப் பட்டயம் வாங்கினான். அந்தப் புது ஊருக்குப் பெயரே புது ஊர்தான், நியூடவுன். டோல்வோர்வின் ஊர் அப்படியே மங்கிப்போனது. 1398இல் எழுதிய கணக்கில் கோட்டை சிதைந்துவிட்டது, காலணா பெறாது என்கிற பொருளில் குறிப்பு இருக்கிறது.

அதனால் என் யோசனை: கோட்டைகளை வைத்துத் திட்டம் போடாதீர்கள், சந்தை நாளை வைத்துப் போடுங்கள். சனி லானிட்லோஸ், ஞாயிறு மான்ட்கோமரியும் டோல்வோர்வினும், திங்கள் வெல்ஷ்பூல், செவ்வாய் நியூடவுன். திங்கள்கிழமை வெல்ஷ்பூல் ஆட்டுச் சந்தை. ஒரே நாளில் நடக்கும் ஆட்டுச் சந்தைகளில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று பெயர் பெற்றது. செப்டம்பர் என்றால் நல்ல பருவம்.

டோல்வோர்வினும் மான்ட்கோமரியும் கடூ பராமரிப்பில் இருக்கின்றன, இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. கடூ என்பது வேல்ஸ் அரசின் தொல்சின்ன அமைப்பு. அந்தச் சொல்லுக்கே 'காத்துவை' என்றுதான் பொருள்.

#4 வடக்குவாசல்

கல்தச்சன் அண்ணா, இதைப் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "கெணறு இல்லாம எவனாவது கோட்டை கட்டுவானா?" என்று கேட்டார். உங்களுக்கு ஒரு எதிர்க்கட்சி உருவாகிவிட்டது.

டோல்வோர்வின் ஏற்றம் எவ்வளவு? முழங்கால்தான் கவலை.

#5 கல்தச்சன்

கார் நிறுத்தும் இடம் அபர்மியூல் பக்கம், கீழே, சின்னது. அங்கிருந்து செங்குத்தான பாதை, நமக்குக் கால் மணி நேரம். அப்பாவுக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் வழுக்கும். கோல் ஒன்று கண்டிப்பாக. மான்ட்கோமரியில் அந்தப் பிரச்சினை இல்லை, கோட்டைக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்தலாம். ஊருக்குள்ளிருந்து நடந்தால்தான் மூச்சு வாங்கும்.

#6 யாழ்தேவி

நான் லண்டனில் இருந்து இரண்டு முறை ரயிலில் போனேன். கார் இல்லாதவர்களுக்கும் இந்த இழை பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் ஏறினால் அபெரிஸ்ட்வித் போகிற ரயில் நேரே வெல்ஷ்பூலுக்கும் நியூடவுனுக்கும் போகும், மாறத் தேவையில்லை. ஒன்று கவனம். ஷ்ரூஸ்பரியில் ரயில் வந்த பக்கமே திரும்பி வெளிக்கிடும். முதல் முறை நான் பயந்துபோய் எழும்பி, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ரயில் திரும்பப் பர்மிங்காம் போகுதோ என்று கேட்டேன். அவ சிரிச்சுக்கொண்டு தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்தா. ஷ்ரூஸ்பரி வரைக்கும் முதுகுப் பக்கமாக இருந்தால் அதற்குப் பிறகு முன்பக்கமாக இருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று, மஹன்லெத்தில் இந்த ரயில் இரண்டாகப் பிரியும். நியூடவுனுக்கு அப்பால் போகிறவர்கள் எந்தப் பெட்டி என்று கேட்டு ஏறுங்கள்.

லானிட்லோஸுக்கு ரயில் இல்லை. 1962இல் மூடிவிட்டார்கள். நியூடவுனில் இறங்கி பஸ் எடுக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி வெளிக்கிடாதீர்கள். மான்ட்கோமரிக்கும் ஸ்டேஷன் கிடையாது. முன்பு இருந்ததும் ஊரிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளித்தான் இருந்தது.

உங்கள் அப்பாவோடு என்றால் கார்தான். ரயில் அழகுக்கு நல்லது, ஆற்றை ஒட்டியே போகும்.

லானிட்லோஸில் பழைய சந்தை மண்டபத்தைத் தவற விடாதீர்கள். நாலு தெரு சந்திக்கிற இடத்தில், நடு ரோட்டில், மரத்தூண்களின் மேல் நிற்கும் கட்டிடம். 1609இல் கட்டியது. கீழே திறந்த வெளி, மேலே ஒரு மாடி. வேல்ஸில் இப்படி மரச்சட்ட மண்டபம் கட்டிய இடத்திலேயே நிற்பது இது ஒன்றுதான்.

#7 கல்தச்சன்

யாழ்தேவி அக்கா சொன்னது எல்லாம் சரி, வருஷம் மட்டும் சின்னத் திருத்தம். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து, வெட்டிய மரம் 1612க்கும் 1622க்கும் இடைப்பட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். 1600 சுற்றி என்று பழைய பலகைகளில் போட்டிருப்பார்கள். மேல்மாடி ஒரு காலத்தில் நீதிமன்றம், அப்புறம் கம்பளித் துணிச் சந்தை, அப்புறம் நூலகம்.

அந்தப் பக்கம் முழுக்க ஃப்ளானல் நெசவுதான் பிழைப்பு. 1839இல் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்து நெசவாளிகளில் மூன்று பேரைப் பிடித்து விடுதி ஒன்றில் அடைக்க, கூட்டம் உடைத்து உள்ளே புகுந்து மீட்டது. சில நாள் ஊரே அவர்கள் கையில் இருந்தது. ட்ரெவிதன் ஆர்ம்ஸ் என்ற அந்த விடுதிக் கட்டிடம் இப்போதும் இருக்கிறது.

#8 யாழ்தேவி

ஓம், திருத்தத்துக்கு நன்றி. நான் 1609 என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். மரமே வாய் திறந்து சொன்ன பிறகு என் ஞாபகத்துக்கு என்ன மதிப்பு.

#9 பழையகணக்கு

சென்னையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் போவிஸ் கோட்டையைச் சரியாகச் சொல்லவில்லையே என்று பார்த்தேன். நம்மவர்கள் அங்கே போனால் தெரிந்துகொண்டு போக வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

ராபர்ட் கிளைவ் 1744இல் மதராஸுக்கு எழுத்தராக வந்து, 1751இல் ஆற்காட்டைப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் போவிஸில் வாழ்ந்தவர் இல்லை. 1774இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து அவர் மகன் எட்வர்ட் கிளைவ், போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். அந்தக் கல்யாணத்தின் வழியாகத்தான் கிளைவ் சொத்தும் போவிஸ் கோட்டையும் ஒரே குடும்பத்துக்குள் வந்தன.

எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். அந்த வருஷங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். இத்தனைக்கும் மதராஸ் கோட்டையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் இவர். ஊர் திரும்பி 1804இல் போவிஸ் பிரபுப் பட்டம் வாங்கினார்.

ஹென்ரியட்டா சும்மா இருக்கவில்லை. 1800இல் இரண்டு மகள்களோடு மதராஸிலிருந்து கிளம்பி மைசூர்ச் சீமை, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். கல், செடி, விதை என்று சேகரித்தார். திப்புவின் கூடாரம், சிம்மாசனத்தில் இருந்த பொன் புலித்தலைகளில் ஒன்று, இவை எல்லாம் இன்று போவிஸில் கிளைவ் அருங்காட்சியகம் என்ற அறைகளில் இருக்கின்றன. பூ வேலைப்பாடு செய்த அந்தத் துணிக் கூடாரத்தைப் பிற்காலத்தில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

#10 மழைக்கோட்டு

அப்போ டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து நம்மிடமிருந்து எடுத்ததை நாமே போய்ப் பார்க்கணுமா? நான் போகமாட்டேன். கொள்ளையடித்தவன் வீட்டுக் கொலுவுக்கு நான் ஏன் சுண்டல் வாங்கப் போகணும்?

#11 பழையகணக்கு

தம்பி, கோபம் நியாயம். நான் போகச் சொல்வது வேறு காரணத்துக்கு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, இது எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளாவது அந்த அறையில் இருக்கட்டுமே. பார்க்காமல் விட்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

#12 மழைக்கோட்டு

சார், உங்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனாலும் நான் போகமாட்டேன். தோட்டத்தை வேண்டுமானால் பார்க்கலாம்.

#13 கல்தச்சன்

தோட்டத்துக்கு மட்டுமே போகிறவர்கள் நிறைய. குன்றைச் செதுக்கி மேலிருந்து கீழாகத் தளம் தளமாக இறக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட யூ மரங்கள், மேகம் உட்கார்ந்த மாதிரி உருட்டி வெட்டியவை. கோட்டை சிவப்புக் கல். வெல்ஷில் 'சிவப்புக் கோட்டை' என்றுதான் அழைத்தார்கள். கிரிஃபித்தின் கோட்டையை லூவெலின் இடித்ததாகச் சொன்னேன் அல்லவா, போர் முடிந்ததும் கிரிஃபித் திரும்பி வந்து கட்டியதன் மேல்தான் இப்போதைய அரண்மனை வளர்ந்திருக்கிறது. 1587இல் ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. 1952 முதல் பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கையில்.

வடக்குவாசல் தம்பிக்கு: அங்கே படிகள் அதிகம். அப்பாவை மேல் தளத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் கீழே போய் வாருங்கள்.

#14 முருங்கைக்கீரை

சைவம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். வெல்ஷ் கேக், அதாவது திராட்சை போட்டுத் தோசைக்கல்லில் சுடும் சின்ன வட்டக் கேக், சில இடத்தில் வெண்ணெயிலும் சில இடத்தில் பன்றிக் கொழுப்பிலும் செய்வார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். முட்டையும் உண்டு. பாரா ப்ரித் என்று தேயிலைத் தண்ணீரில் திராட்சை ஊறவைத்துச் சுடும் ரொட்டி அருமை. கௌல் என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு, பக்கம் போக வேண்டாம்.

வெல்ஷ் ரேர்பிட் என்று இருக்கும். பெயரைக் கேட்டு என் மாமியார் முயல் என்று பயந்தார். முயல் இல்லை, ரொட்டி மேல் சீஸ். ஆனால் அதில் வூஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள், அதில் நெத்திலி மாதிரி ஒரு மீன் இருக்கிறது! 'சாஸ் வேண்டாம்' என்று சொல்வதை விட, 'அது இல்லாமல் கலவை செய்ய முடியுமா' என்று கேளுங்கள். பல இடத்தில் கலவையை முன்பே செய்து வைத்திருப்பார்கள். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

#15 வடக்குவாசல்

போய் வந்துவிட்டோம்! எல்லோரும் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன். கல்தச்சன் அண்ணா சொன்ன சந்தை வரிசையைத்தான் அப்படியே பின்பற்றினோம்.

முதலில் புகாரை முடித்துவிடுகிறேன். தங்கும் இடத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன், அப்பாவுக்கு முழங்கால், தரைத்தள அறை வேண்டும் என்று. சரி என்று பதிலும் வந்தது. போனால் இரண்டாம் மாடி, அதுவும் திருகு மாதிரி குறுகின படி. "லிஸ்டில் அப்படி எதுவும் இல்லையே" என்றார்கள். மெயிலைக் காட்டிய பிறகு முதல் மாடி. அவ்வளவுதான் முடிந்தது. எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. பதில் மெயிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சனிக்கிழமை லானிட்லோஸ். சந்தை சின்னதுதான். காய்கறி, தேன், பழைய கருவிகள், செடி. ஆனால் சந்தை மண்டபத்தின் கீழே நின்றபோது அப்பா முதல் காரியமாக மரத்தூணைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தூணாகப் போய், இணைப்பில் அடித்திருந்த மர ஆணிகளை விரலால் தடவினார். "இரும்பு ஆணி கிடையாது பாரு, அதான் நானூறு வருஷம்" என்றார். மழை தூற ஆரம்பித்ததும் செடி விற்கிற பெண்மணி தன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு அடியில் வந்து நின்றார். அப்பாவும் ஒரு தட்டைப் பிடித்தார். கட்டியவன் எதற்குக் கட்டினானோ அதற்கே அது இன்னும் உதவிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு கல் இருக்கிறது, ஜான் வெஸ்லி அதன் மேல் நின்று பிரசங்கம் செய்தார் என்கிறார்கள். பக்கத்துத் தேவாலயத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது, உள்ளே போக முடியவில்லை.

ஞாயிறு காலை மான்ட்கோமரி. மழைக்கோட்டு, உங்கள் இருபது நிமிஷம் அநியாயம். நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம். பாறை முதுகு நீளமாகப் போகிறது, அதன் மேல் ஒன்றன் பின் ஒன்றாக முற்றங்கள், நடுநடுவே வெட்டிய அகழி. மூன்றாம் ஹென்றி பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது 1223இல் தொடங்கியதாம். 1649இல் நாடாளுமன்றம் இடிக்கச் சொல்லி இடித்தார்கள். இடித்தவர்கள் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அப்பா சான்றிதழ் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால் கீழே ஊர், செங்கல் நிறத்தில், நடுவில் 1748இல் கட்டிய டவுன் ஹால். அதற்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் இங்கிலாந்து. ஊர் என்றாலும் பெரிய கிராமம் அளவுதான்.

பிற்பகல் டோல்வோர்வின். நான் அப்பாவைக் கீழே காரில் இருங்கள் என்றேன். பேசாமல் கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஐந்து இடத்தில் நின்றோம். நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு வேலிக் கதவில் சாய்ந்துகொண்டு முழங்காலைத் தடவியபடி, "அவனுங்க கல்லையே ஏத்தியிருக்கானுங்க" என்றார்.

மேலே ஆள் அரவமே இல்லை. நாங்கள் மூன்று பேர், சில ஆடுகள். மழைக்கோட்டு சொன்ன ஆடு இதுதான் போலிருக்கிறது. ஒரு முனையில் வட்டக் கோபுரத்தின் அடி, மறு முனையில் சதுரக் கோபுரம், நடுவில் முற்றம். மரங்களுக்கு நடுவில் கீழே செவர்ன் வளைந்து போகிறது. அப்பா உட்காரவே இல்லை. பாறையை வெட்டி எடுத்த அகழியின் விளிம்பில் நின்று வெகு நேரம் பார்த்தார். "பாறையை இவ்வளவு ஆழம் வெட்டினவனுக்குக் கெணறு வெட்டறதா கஷ்டம்? நேரம் இல்லை. சுவரு முதல்ல எழும்பணும், எதிரி பார்த்து பயப்படணும், அதான் அவசரம். தண்ணி அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டிருப்பான். எங்க டிபார்ட்மென்ட்லயும் அப்படித்தான், கட்டடம் திறப்பு விழா முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுதான் போர்வெல்." கல்தச்சன் அண்ணா, எதிர்க்கட்சி உங்களோடு கூட்டணி வைத்துவிட்டது.

திங்கள் வெல்ஷ்பூல். சந்தை ஊருக்குச் சற்று வெளியே, பெரிய கொட்டகை. வாசலில் ஷூவை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு உள்ளே போனோம். கம்பித் தடுப்புக்குள் ஆடுகள், எத்தனை என்று கண் எட்டவில்லை. ஏலக்காரர் தடுப்புகளின் மேலே பலகையில் நடந்துகொண்டே விலை சொல்கிறார். மூச்சு விடுகிற இடமே இல்லாத ஒரே ராகம். வாங்குகிறவர்கள் கை தூக்குவதில்லை. ஒருவர் புருவத்தை அசைத்தார், விற்றுவிட்டது! என் மனைவி மூக்கைச் சொறியக்கூட பயந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா ஒரு விவசாயியிடம் ஆட்டின் முதுகில் ஏன் கை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவர் அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டின் முதுகெலும்பு மேல் வைத்து, எலும்பு எவ்வளவு தட்டுப்படுகிறது என்று காட்டினார். இருவருக்கும் ஒருவர் இங்கிலீஷ் மற்றவருக்குப் பாதிதான் புரிந்தது. பத்து நிமிஷம் பேசினார்கள்.

ஊருக்குள் அறுகோணச் செங்கல் கட்டிடம் ஒன்று, சேவல் சண்டைக்காகக் கட்டியது. வேல்ஸில் கட்டிய இடத்திலேயே மிஞ்சியது அது ஒன்றுதானாம். வெளியிலிருந்து பார்த்தோம்.

மதியம் போவிஸ். முற்றத்தில் மயில் ஒன்று நடந்து போனது. அப்பா, "நீயும் அங்கேருந்து வந்தவன்தானா" என்று கேட்டார்.

பழையகணக்கு சார், நீங்கள் எழுதியதை அப்பா பையில் வைத்திருந்தார். கூடாரத்தின் முன் அதிக நேரம் நின்றது அவர்தான். வெள்ளைத் துணியில் செடி செடியாகப் பூ. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் அம்மாவிடம் டிப்பு என்றால் யார் என்று கேட்டான். அந்த அம்மா பலகையைப் படிக்க ஆரம்பித்தார். அப்பா மெதுவாகக் குறுக்கே போய், வருஷத்தைச் சொல்லி, அதே வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள், அப்போது கவர்னர் இந்த வீட்டுக்காரர் என்றார். பையன், "இந்த வீட்டிலேயா?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். காவலுக்கு நின்ற தொண்டர் பெண்மணி கிட்டே வந்து ஊர்ப் பெயரை எழுதித் தரச் சொன்னார். 'கயத்தாறு' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய் நியூடவுன். சந்தை சுமார், சீஸ் நல்லது. கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று சொல்லும் ராபர்ட் ஓவன் 1771இல் இங்கே பிறந்து, 1858இல் இங்கேயே வந்து இறந்தார். கல்லறையைப் பார்த்தோம். ஸ்டேஷன் எதிரே பிரைஸ் ஜோன்ஸ் கிடங்கு, 1879. தபாலில் துணி விற்ற முன்னோடி, விக்டோரியா ராணியே வாடிக்கையாளர். வேகமாகத்தான் பார்த்தோம். அப்பாவுக்கு அந்தச் சனிக்கிழமைத் தேவாலயம் மனதில் நின்றுவிட்டது. "பூட்டினதைப் பார்க்காம போறது எனக்குப் பழக்கமில்ல" என்றார். எதிர்ப்பக்கம் காரைத் திருப்பினோம்.

லானிட்லோஸ் தேவாலயத்துக்குள் ஒரு பக்கம் ஐந்து வளைவுகள், தூண் உச்சியில் இலைச் செதுக்கல். ஊருக்குப் பொருந்தாத அழகு. கும்ஹிர் மடத்திலிருந்து 1542இல் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தவை, மடங்களை எட்டாம் ஹென்றி மூடிய பிறகு. எனக்கு அவ்வளவுதான் தெரியும். அண்ணா, அந்த மடத்துக்கும் லூவெலினுக்கும் ஏதோ தொடர்பு என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார், சரியாகக் காதில் விழவில்லை. அது என்ன?

#16 கல்தச்சன்

எழுத மறந்தே போனேன். 1282 டிசம்பர் 11, பில்த் அருகே லூவெலின் கொல்லப்பட்டான். தலையை லண்டனுக்கு அனுப்பினார்கள். உடலை அடக்கம் செய்தது கும்ஹிர் மடத்தில். நீங்கள் பார்த்த தூண்கள் அவனுக்கு மேலே நின்றிருந்த மடத்தின் தூண்கள்.

#17 வடக்குவாசல்

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தத் தூணு அடியில ஒரு கல்லு வேற நிறமா இருந்துது, நான் பார்த்தேன்" என்றார். போட்டோவில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

#18 மழைக்கோட்டு

போட்டோ கிடைத்தால் இங்கே போடுங்கள். அப்புறம் அந்த மான்ட்கோமரி கார் பார்க் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். நான் போனபோது ஊரிலிருந்து ஏறித் தொலைத்தேன், அதில்தான் கோபம்.